பொங்கலுக்குப் பிறகு வராதவர்கள்

அரசு கலை அறிவியல் கல்லூரியில் முதலாமாண்டுக்குப் பாடம் எடுக்கிற எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஜூலையில் வகுப்பில் உட்கார இடம் இருக்காது. பொங்கல் விடுமுறை முடிந்து இரண்டாம் செமஸ்டர் வகுப்புகள் நடக்கும்போது பின்வரிசை பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும். பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் பதில் சொல்லும். "அவன் வேலைக்குப் போறான் மேம்." "அவளுக்கு நிச்சயம் ஆயிடுச்சு மேம்." "தெரியல மேம், போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிறான்."

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கிறேன். முதலாமாண்டு வகுப்புக்கு டியூட்டர் பொறுப்பை நானாகவே கேட்டு வாங்கிக்கொள்வது வழக்கம். மூன்று வருஷப் படிப்பின் தலையெழுத்து முதல் ஆறேழு மாதத்துக்குள் எழுதப்பட்டுவிடுகிறது என்பது என் அனுபவம். இந்தத் தலைமுறைக்கு லட்சியமே கிடையாது, கையில் செல்போன் இருந்தால் போதும் என்று டீக்கடை முதல் டி.வி. விவாதம்வரை பேசுகிறார்கள். அப்படிப் பேசுகிறவர்கள் என் வகுப்பில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

வகுப்பு தொடங்கிய வாரத்தில் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்து இரண்டு கேள்வி கேட்பேன். இந்தப் பாடத்தை ஏன் எடுத்தாய்? மூன்று வருஷம் கழித்து என்னவாக இருப்பாய்? பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மனம்விட்டு எழுதுகிறார்கள். இரண்டாவது கேள்விக்குத் தாளின் பின்பக்கமும் நிரம்பிவிடும். போலீஸ், குரூப் ஃபோர், டீச்சர், ஆர்மி, ஐ.டி. கம்பெனி. 'கலெக்டர்' என்று எழுதி, அதை அடித்துவிட்டு 'வி.ஏ.ஓ.' என்று எழுதிய தாள்களும் உண்டு. ஒரு பெண் இப்படி எழுதியிருந்தாள்: "எங்க வீட்ல நான்தான் முதல் டிகிரி. வேலைக்குப் போயிட்டா அம்மாவை நூறு நாள் வேலைக்கு அனுப்ப மாட்டேன்." இதைவிடத் தெளிவான லட்சியம் வேறென்ன வேண்டும்?

முதல் கேள்விக்குத்தான் ஒரே வரியில் பதில் வரும். "பி.காம். கேட்டேன், கிடைக்கல." "கணக்கு வராது, அதான்." "அக்கா இதுதான் படிச்சாங்க." "ஃப்ரெண்டு சேர்ந்தான், நானும் சேர்ந்தேன்."

இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வருகிறது. வந்த கையோடு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அரசுக் கல்லூரிகளுக்கான பொது இணையதளத்தில் விண்ணப்பம் போடுகிறார்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று வரிசையாகக் கேட்கும் கட்டங்களைப் பாதி நேரம் அந்த சென்டர்க்காரரே நிரப்பிக் கொடுத்துவிடுகிறார். பிறகு தரவரிசைப் பட்டியல், கலந்தாய்வு. முன்னால் நிற்கிறவர்கள் பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று எடுத்துக்கொண்டு போக, மீதமிருப்பதில் ஒன்றைப் பதினேழு வயதுப் பிள்ளை இரண்டு நிமிஷத்தில் சொல்லியாக வேண்டும். கூட வந்த அப்பாவுக்கு எந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. "எதுனா ஒண்ணு குடுங்க சார்" என்று அவர் கையைக் கூப்புவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆக, வேலை என்பது ஒரு பக்கம், டிகிரி என்பது இன்னொரு பக்கம் என்று இரண்டும் தனித்தனியாகப் பிள்ளைகளின் மனத்தில் நிற்கின்றன. போலீஸ் ஆவதற்கு ஓட வேண்டும், குரூப் ஃபோருக்குக் கோச்சிங் போக வேண்டும். பொருளாதாரம் எதற்கு? வீட்டில் கஷ்டம் வரும்போது இந்த இரண்டில் எதை விடுவார்கள் என்பதற்குப் பொருளாதாரம் படித்திருக்கத் தேவையில்லை.

இங்கேதான் ஒரு கணக்கை நான் பலகையில் எழுதிக் காட்டுவேன். இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குப் பத்தாம் வகுப்பும் 18 வயதும் போதும். அதே சீருடையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆவதற்கு 20 வயதும் ஒரு பட்டமும் வேண்டும். குரூப் ஃபோர் தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு தகுதி. ஆனால் அதிலேயே கிராம நிர்வாக அலுவலர் பணிக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். குரூப் டூ-வுக்குப் பட்டம் வேண்டும். குரூப் ஒன்றுக்குப் பட்டமும் 21 வயதும். வங்கி அதிகாரித் தேர்வுக்குப் பட்டமும் 20 வயதும். பதினெட்டு வயதில் 'வி.ஏ.ஓ. ஆவேன்' என்று தாளில் எழுதிய பையன், படிப்பை விட்டாலும் விடாவிட்டாலும் அந்த வேலைக்கு 21 வயதுவரை காத்திருந்துதான் தீர வேண்டும். அவன் காத்திருக்க வேண்டிய மூன்று வருஷமும் டிகிரியின் மூன்று வருஷமும் ஒன்றுதான். இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். யாரும் இதுவரை அவர்களுக்குச் சொன்னதில்லை.

"பத்தாவது போதும்னா நாங்க எதுக்கு மேம் டிகிரி முடிக்கணும்?" என்று ஒருவன் தவறாமல் கேட்பான். நல்ல கேள்வி. 2024 ஜனவரியில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் ஃபோர் அறிவிப்பு வந்தபோது 6,244 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பிறகு இடங்கள் கூடின என்றாலும் கூட்டத்தின் அளவு புரிகிறதல்லவா? அந்தக் கூட்டத்தில் பட்டதாரிகளும் பொறியாளர்களும் முதுகலை முடித்தவர்களும் ஏராளம். பத்தாம் வகுப்போடு நிற்கிறவர் இதுபோன்ற சில வாசல்களில் மட்டும்தான் அவர்களோடு முட்டிமோத முடியும். பட்டம் இருந்தால் அங்கே கிடைக்காதபோது நிற்க வேறு நான்கு வாசல் இருக்கும். அந்தத் தேர்வில் 200 கேள்விகளில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். முதல் இரண்டு வருஷம் நாங்கள் கட்டாயமாக நடத்தும் பகுதி ஒன்று தமிழை 'லாங்குவேஜ்தானே' என்று கட் அடிக்கிறவர்களுக்கு இதையும் சொல்லிவைப்பேன்.

சரி, ஏன் போகிறார்கள்? வெளியிலிருந்து பார்த்தால் பையன்களுக்குக் காசு, பெண்களுக்குக் கல்யாணம் என்று தோன்றும். அது பொய்யில்லை. எங்கள் கல்லூரியில் இரண்டு ஷிப்ட். காலை ஷிப்ட் மதியத்தோடு முடிவதால் பையன்கள் பலர் பிற்பகலில் ஜவுளிக்கடை, மெடிக்கல் ஷாப், மெக்கானிக் ஷெட் என்று வேலைக்குப் போகிறார்கள். முகூர்த்த நாளில் வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே போதும், அன்று கல்யாண மண்டபங்களில் சப்ளை வேலைக்கு எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஆவணியில் ஆரம்பிக்கிற பழக்கம் தை மாதத்தில் முழுநேர வேலையாகிவிடுகிறது. கையில் காசு புழங்கிய பிறகு பெஞ்சில் உட்கார உடம்பு வளையாது. பெண்களுக்குச் செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகள். கம்பெனி பஸ் கிராமத்துக்குள்ளேயே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. டவுன் பஸ்ஸில் கல்லூரிக்குப் போகிற பெண்ணும் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்ணும் ஒரே தெரு, ஒரே வயது, ஒன்றாகப் பிளஸ் டூ படித்தவர்கள். ஒருத்தி மாதாமாதம் சம்பளம் கொண்டுவருகிறாள். இன்னொருத்தி ஜெராக்ஸுக்குக் காசு கேட்கிறாள். வீட்டில் பேச்சு எப்படிப் போகும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தக் காரணங்களுக்குக் கீழே இன்னொன்று ஒளிந்திருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

ஒரு ஜனவரியில் ஒரு தாய் தன் மகளோடு துறைக்கு வந்தார். டி.சி. வேண்டும் என்றார். நெற்றியில் வியர்வை, கையில் மஞ்சள் பை, வயலிலிருந்து நேராக வந்திருந்தார்.

"இவ அப்பாவுக்கு முடியல மேடம். தம்பி பத்தாவது படிக்கிறான். இவ ரெண்டு வருஷம் கம்பெனிக்குப் போகட்டும். அப்புறம் படிக்கட்டும்."

"நீ என்னம்மா சொல்ற?" என்று மகளைக் கேட்டேன். அவள் தலையைத் தூக்கவில்லை. ஜூலையிலிருந்து ஒரு நாள்கூட லீவு போடாத பெண். நவம்பர் தேர்வு எப்படிப் போயிற்று என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. அம்மாவைச் சற்று நேரம் வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டேன்.

"ரெண்டு பேப்பர் போயிடுச்சு மேம். இங்கிலீஷும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஃபெயில் ஆனா செகண்ட் இயர் போக முடியாதுல்ல மேம்? மறுபடி முதல்லேர்ந்து படிக்கணும்னா வீட்ல என்ன சொல்றது?"

பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில் ஃபெயில் ஆனால் ஒன்பதாம் வகுப்புதான். கல்லூரியிலும் அப்படித்தான் என்று அவள் நினைத்திருக்கிறாள். அவளுடைய வீட்டிலோ தெருவிலோ கல்லூரி முடித்தவர் இல்லை, கேட்க ஆளில்லை. கலைக் கல்லூரியில் அரியர் இருந்தாலும் இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம், நவம்பரில் போன பேப்பரை ஏப்ரல் தேர்வோடு சேர்த்து எழுதலாம் என்று நான் சொன்னபோது அவள் முகத்தில் முதலில் வந்தது சந்தேகம்தான். "நிஜமாவா மேம்?" என்று இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் கேட்ட கேள்விதான் என்னை உலுக்கியது. "அப்ப புதுமைப் பெண் காசும் நிக்காதா?" அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் என்று பையன்களுக்கும் வந்தது. அந்த ஆயிரத்தில்தான் தம்பியின் நோட்டுப் புத்தகச் செலவு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் யாருக்கும் சொல்லாமல் இத்தனையையும் இந்தப் பதினெட்டு வயதுப் பெண் தனியாகக் கணக்குப் போட்டு, கம்பெனி பஸ்தான் விடை என்று முடிவுக்கு வந்திருக்கிறாள். அப்பாவின் உடல்நிலை உண்மை. வறுமையும் உண்மை. ஆனால் அவளை டி.சி. கேட்கவைத்தது இரண்டு அரியர்.

அந்தப் பெண் இப்போது மூன்றாமாண்டு. ஸ்டாட்டிஸ்டிக்ஸை இரண்டாம் முறைதான் தேறினாள்.

எல்லோருடைய கதையும் இப்படி முடிவதில்லை. சப்ளை வேலைக்குப் போய்ப் படிப்பை விட்ட ஒரு பையன், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறான். அவனோடு சேர்ந்தவர்களில் பட்டயம், பட்டம் வைத்திருப்பவர்களை லைனில் மேற்பார்வைக்கு எடுத்ததைப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தான். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேரலாமா என்று கேட்டான். சேரலாம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-லிருந்து இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து புத்தகத்தைத் திறப்பது எத்தனை கடினம் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வின்சென்ட் டின்டோ என்கிற அமெரிக்கச் சமூகவியலாளர், மாணவர்கள் கல்லூரியை விட்டு ஏன் விலகுகிறார்கள் என்பதை விளக்க 1975-இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். குடும்பப் பின்னணியும் முந்தைய மதிப்பெண்ணும் ஒரு பங்கு. கல்லூரிக்குள் நுழைந்த பிறகு பாடத்தோடும் மனிதர்களோடும் அந்தப் பிள்ளைக்கு ஒட்டுதல் ஏற்பட்டதா என்பது மிகப் பெரிய பங்கு என்பது அதன் சாரம். அமெரிக்காவுக்காகச் சொன்னது என்றாலும் எங்கள் வராந்தாவில் கண்ணெதிரே நடக்கிறது. என்.எஸ்.எஸ்., கபடி அணி, நூலக மேஜை என்று ஏதோ ஒன்றில் ஒட்டிக்கொண்ட பிள்ளைகள் வறுமையிலும் தாக்குப்பிடிக்கிறார்கள். வகுப்புக்கு வந்து, யாரோடும் பேசாமல், மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள்தான் முதலில் காணாமல் போகிறார்கள். மூன்று நாள் வராதபோது "ஏன்டா வரல?" என்று கேட்க அவர்களுக்கு ஒருவரும் இல்லை.

உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடு முன்னணியில் இருப்பது பெருமைப்பட வேண்டிய விஷயம். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 18 முதல் 23 வயதினரில் நம்முடைய மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், இந்தியாவுக்கு 28.4. இலவச பஸ் பாஸும் விடுதிகளும் உதவித்தொகையும் பல பத்தாண்டுகளாகச் சேர்த்த பலன் அது. ஆனால் அது சேர்ந்தவர்களின் கணக்கு. எத்தனை பேர் முடித்தார்கள் என்பது அந்த எண்ணில் இல்லை. 'கல்லூரிக் கனவு' என்று பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வழிகாட்டுகிறோம். கல்லூரியில் சேராமல் நின்றவர்களைத் தேடிப் பிடிக்க 'உயர்வுக்குப் படி' முகாம் நடத்துகிறோம். நல்ல காரியங்கள். அதே தேடல், சேர்ந்து ஆறு மாதத்தில் விலகியவர்களையும் எட்ட வேண்டும். அவர்களுடைய போன் எண்ணும் முகவரியும் எங்கள் அலுவலகப் பீரோவில்தான் இருக்கின்றன.

பொருளாதாரம் படித்தவளாக ஒரு சங்கடமான எண்ணையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உலகத் தொழிலாளர் அமைப்பு 2024-இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில், 2022-இல் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 சதவீதம். "படிச்சவனுக்குத்தான் வேலை இல்ல" என்று ஊரில் சொல்வதற்கு இது ஆதாரம்போலத் தெரியும். அந்த 3.4 சதவீதம் சொல்வது என்ன? படிக்காதவருக்கு நல்ல வேலை காத்திருக்கிறது என்பதல்ல; வேலை இல்லாமல் ஒரு மாதம் வீட்டில் உட்கார அவருக்கு வசதி இல்லை, கிடைத்த கூலிக்குப் போயாக வேண்டும். பட்டதாரி காத்திருக்கிறார், தேடுகிறார். கணக்கில் வேலையற்றவராகப் பதிவாகிறார். அதற்காகப் பட்டதாரியின் துன்பம் சிறியது என்று சொல்ல மாட்டேன். பட்டம் மட்டும் போதாது, கூடவே ஒரு கைத்திறன் வேண்டும். 'நான் முதல்வன்' திட்டத்தில் 2022-லிருந்து கல்லூரிக்குள்ளேயே தரும் பயிற்சிகளைக் கடமைக்கு முடிக்காமல் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் நான் அந்த எண்களைப் படிக்கிறேன்.

2020 தேசியக் கல்விக் கொள்கை, ஒரு வருஷம் முடித்துவிட்டு விலகினால் சான்றிதழ், இரண்டு வருஷம் என்றால் பட்டயம் என்று ஓர் ஏற்பாட்டைச் சொல்கிறது. தமிழ்நாடு அரசு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. மற்ற அம்சங்களில் என் கருத்து எப்படியிருந்தாலும், இதில் எனக்கு உடன்பாடு இல்லை. மேலே பலகையில் எழுதிய தகுதிகளைப் பாருங்கள்: பத்தாம் வகுப்பு, பட்டம். 'ஒரு வருஷக் கல்லூரி' என்கிற தகுதிக்கு அங்கே இடமே இல்லை. முதல் தலைமுறைப் பிள்ளையின் கையில் அந்தச் சான்றிதழைக் கொடுத்தால், "அதான் ஒண்ணு வாங்கிட்டியே, போதும்" என்று வீடு சொல்லிவிடும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நவம்பர் தேர்வு ரிசல்ட் வரும்போது எத்தனை பேப்பர் போச்சு என்று கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள். பிள்ளை இரண்டு வாரம் தொடர்ந்து கல்லூரிக்குப் போகாமல் இருந்தால் டியூட்டருக்கு ஒரு போன் போடுங்கள். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும். அபராதம் கட்டி எழுதுவதற்கும் ஓர் எல்லை உண்டு. டி.சி. வாங்குவது என்று முடிவே செய்துவிட்டாலும், அதற்குமுன் துறைத்தலைவரிடம் மறுசேர்க்கைக்கு என்ன வழி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் தெருவில் டிகிரி முடித்தவர் ஒருவரே இருந்தாலும், அவர் நீங்களாகவே இருந்தாலும், முதலாமாண்டு படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பத்து நிமிஷம் பேசுங்கள்.

இதைப் படிக்கிற முதலாமாண்டு மாணவருக்கு: இரண்டாம் செமஸ்டர் தேர்வு ஏப்ரலில் வருகிறது. நவம்பரில் போன பேப்பருக்கும் அதோடு சேர்த்துப் பணம் கட்டலாம். கடைசித் தேதி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும்.